இழுத்தால் அவிழும் முடிச்சு

வாடோ ஹோண்டோ, டெக்சாஸ்
மார்ச் 9

அன்புள்ள எலோய்சா அக்காவுக்கு, இயேசுவுக்கே புகழ்.

நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஆடுகள் நலம். என் வீட்டுக்காரர் ஹெர்மிலோவும் நலம், வழக்கம்போல வாயைத் திறப்பதில்லை. என் மகன் லியாண்ட்ரோவுக்காக ஜெபம் செய் அக்கா. உடம்புக்கு ஒன்றும் இல்லை. சிப்பாய் செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டான் என்று ராணுவமே அவன்மேல் விசாரணை வைத்திருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு மனிதனைக் கயிற்றால் கட்டிப் போட்டானாம். இரண்டு வருஷம் சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதாம். கேட்டால், "ஆமா, கட்டினேன்" என்கிறான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவன் அப்பாவின் வாய் அப்படியே வந்திருக்கிறது.

நீ மடத்துக்குப் போன அன்று உன் பாவாடையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுத நாலு வயசுப் பையன்தான் இவன். அந்த உரிமையில் கேட்கிறேன்.

தவக்காலத்தில் உனக்குக் கடிதம் தருவதே பெரிய சலுகை என்று தெரியும். தலைமைச் சகோதரி பிரித்துப் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்பதும் தெரியும். மதர் அவர்களே, படிப்பதுதான் படிக்கிறீர்கள், நீங்களும் அவனுக்காக ஒரு ஜெபமாலை சொல்லிவிடுங்கள்.

உன் தங்கை,
டெல்ஃபினா


வாடோ ஹோண்டோ
ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு, இயேசுவுக்கே புகழ், புகழ், புகழ்.

எழுந்திரு. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொள். பையன் தப்பித்துவிட்டான். நேற்று மதியம் பன்னிரண்டு மணிக்குச் சொன்னார்கள். குற்றம் இல்லை, வழக்கு இல்லை, சிறை இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு சட்டி அவரைச் சாறும் ஏழு ரொட்டியும் சாப்பிட்டேன், நின்றுகொண்டே. ஆறு வாரமாக எது தின்றாலும் மண் மாதிரி இருந்தது.

மார்ச்சில் உனக்கு ஒன்றும் விளக்கமாக எழுதவில்லை. இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன், அனுமதி கிடைக்கிற வேளையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

போன இலையுதிர் காலத்தில், மெக்ஸிகோவிலிருந்து ஆற்றைக் கடந்து வருகிறவர்களைக் கவனிக்க ராணுவம் ஆற்றங்கரைக்கு வந்தது. எல்லைக் காவலர்கள் நமக்குப் புதிதில்லை. ஆற்றிலிருந்து இருபத்தைந்து மைலுக்குள் இருக்கும் எந்த நிலத்திலும் வாரண்ட் இல்லாமல் நுழைவார்கள், வீட்டுக்குள் மட்டும் நுழைய முடியாது. அவர்களோடு சண்டை போட்டுச் சண்டை போட்டு ஒரு மாதிரி பழகிவிட்டோம். சிப்பாய்கள் வேறு. வந்த மறுநாளே ஒரு லெப்டினன்ட் நம் வாசல் கேட்டில் நின்றான். ஓஹாயோக்காரப் பையன், நல்ல மரியாதை. ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் இருபது பேர் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். "கொட்டகை சும்மாதானேம்மா கெடக்கு" என்றான். "சும்மா கெடக்கிறதெல்லாம் குடுக்கிறதுன்னா முதல்ல என் வீட்டுக்காரரைத்தான் குடுக்கணும்" என்றேன். பாவம், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்தான்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுவது உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வுக்காக அரசியல் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்களையும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கத்திக் கத்தி ஒப்பிப்பார்கள். பதினேழு வருஷத்தில் அது எனக்கு மனப்பாடம். மூன்றாவது திருத்தம் யாருக்குமே தேவைப்படுவதில்லை. அமைதிக் காலத்தில் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் எந்தச் சிப்பாயையும் எந்த வீட்டிலும் தங்கவைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதைத்தான் அந்தப் பையனிடம் சொன்னேன். "கொட்டகை வீடாகாதேம்மா" என்று பார்த்தான். "பிப்ரவரியில ஆடு குட்டி போடுறப்ப நான் ராத்திரி பூரா அங்கதான் படுத்துக் கெடக்கேன். அப்ப அது வீடுதான்" என்றேன். அவர்கள் மாவட்ட நிலத்தில் கூடாரம் அடித்தார்கள். நான் கேட்டில் ஒரு பலகை மாட்டினேன்: உரிமையாளர் சம்மதம் இல்லாமல் சிப்பாய்கள் நுழையக் கூடாது. எழுத்து கொஞ்சம் கோணல், ஆனால் தூரத்திலிருந்தே தெரியும்.

ஜனவரியில் லியாண்ட்ரோ தொலைபேசியில் கூப்பிட்டான். "அம்மா, எங்களை எங்க போட்டிருக்காங்கன்னு சொன்னா சிரிப்பே." நான் சிரிக்கவில்லை. நம் வீட்டிலிருந்து ஆற்றுப் பாதையில் ஒன்பதே மைல்! உலகத்தில் இவ்வளவு இடம் இருக்க, என் பலகை பார்க்க வேண்டிய முதல் சிப்பாய் என் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வந்தான். சட்டம் சட்டம்தான் என்றேன். வண்டிக்குப் பின்னால் நின்று சீருடைச் சட்டையைக் கழற்றி, ஹெர்மிலோவின் பழைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். "பெத்த தாயி கேட்டுல சோதனை போடுறா, உலகத்துல எங்கயாவது உண்டா" என்று முனகிக்கொண்டே மாற்றுவான்.

அவனுக்குக் கொடுத்திருந்த உத்தரவை அவனே ஒப்பித்துக் காட்டினான். பார்க்கலாம், வயர்லெஸ்ஸில் சொல்லலாம், தொடக் கூடாது. யாரையும் நிறுத்தக் கூடாது, காகிதம் கேட்கக் கூடாது, பையைத் திறக்கக் கூடாது. உயிர் போகிறது என்றால் காப்பாற்றலாம், அது எந்த மனிதனும் செய்வது. ஹெர்மிலோ கேட்டுவிட்டு, "அப்ப நீங்க வேலிக்கம்பம் மாதிரி" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீண்ட வாக்கியம் அது. எனக்கு என்னவோ அந்த உத்தரவு பிடித்திருந்தது. நம் அப்பாவை ஆற்றுச் சாலையில் கைகளைத் தூக்கச் சொல்லி நிறுத்தினார்களே, நீயும் நானும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தோமே. அது போலீஸ். அன்றைக்கு அவர்களாவது ஒரு நீதிபதிமுன் நின்று காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சிப்பாய்க்குக் காரணம் வேண்டாம், கட்டளை போதும். அதனால் அவன் கை கட்டப்பட்டிருப்பதில் எனக்கு நிம்மதி.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். மார்ச் இரண்டாம் தேதி, காலை பத்து மணி இருக்கும். மெக்ஸிகோ பக்கத்து அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு காப்பி நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது. லியாண்ட்ரோவும் டாலிவர் என்று ஒரு பையனும் காவல் வண்டியில் இருந்தார்கள். ஆற்று நடுவில் இரண்டு பேர். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்திருக்கிறார், பிறகு பிடிக்கவில்லை. லியாண்ட்ரோ கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். காசிமிரோ என்பவர் கைக்குக் கிடைத்தார், இழுத்துக் கரையில் போட்டான். அவர் வாயிலிருந்து தண்ணீர் வந்ததோ இல்லையோ, எழுந்து மறுபடி ஆற்றுக்குள் ஓடினார். கூட வந்தது அவருடைய தம்பி, ரூபென். இவன் பிடித்து இழுக்க, அவர் உதறிக்கொண்டு ஓட, இப்படி மூன்று தடவை.

அப்போது நம் பையன் என்ன செய்தான் தெரியுமா? நம் வீட்டில் எல்லோரும் செய்வதைச் செய்தான். வெள்ளத்திலிருந்து தூக்கிய ஆடு பயத்தில் திரும்பவும் தண்ணீருக்குள்தான் ஓடும். அதனால் தூக்கியவுடன் எதிலாவது கட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தேடிப் போவோம். ஆறு வயதிலிருந்து அவன் கை பழகிய வேலை அது. காசிமிரோவின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையை வண்டியின் பம்பரில் கட்டிவிட்டு, தம்பியைத் தேடி மறுபடி இறங்கினான். ஆற்றங்கரைப் பள்ளத்தில் வயர்லெஸ் எடுக்காது என்பதால் டாலிவர் மேட்டுக்கு ஓடினான். ஓடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்தான். ஏன் எடுத்தாய் என்று பிறகு கேட்டிருக்கிறார்கள், அவனுக்கே தெரியவில்லை.

அந்தப் படம் ஊர் ஊராகச் சுற்றியது. சிப்பாய் வண்டி, அதில் கட்டப்பட்ட ஈர மனிதன். மிருகத்தைக் கட்டுவது மாதிரி கட்டியிருக்கிறான் என்று ஒரு பத்திரிகை எழுதியது. எனக்கு ஆத்திரம் வந்தது, ஏனென்றால் அது உண்மை. அதைவிட மோசம் என்ன என்றால், வேறொரு கூட்டம் அவனைப் பாராட்டியது. சபாஷ், இப்படித்தான் பிடித்துக் கட்ட வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டேன். என் பேருந்தில் ஏறும் பிள்ளைகளில் இரண்டு பேர் என் முகத்தைப் பார்க்காமல் ஏறினார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

ராணுவத்தில் அவனுக்காகப் பேச ஒரு வழக்கறிஞரைக் கொடுத்தார்கள், கேப்டன் மெர்சர் என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "சட்டத்துல ரெண்டு வருஷம்னு இருக்கும்மா. இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல. ஆனா இந்தப் படத்தை நாடே பாத்திருச்சு, முதல் ஆளா இவனைப் பிடிச்சு உதாரணம் காட்டலாம்னு யாருக்காவது தோணிட்டா என்ன பண்றது?" எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறதாம். அந்த மனிதர் போக நினைத்திருந்தால் போயிருக்க முடியுமா? முடியாது என்றால் அது கைது, சிப்பாய் கைது செய்யக் கூடாது. லியாண்ட்ரோவோ கட்டினேன் என்பதோடு சரி. காசிமிரோவைக் காவலர்கள் கொண்டுபோய்த் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். எந்த வாரம் வேண்டுமானாலும் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

படத்தை நான் நூறு தடவை பார்த்திருப்பேன், அவன் கட்டின மனிதனின் முகத்தையே பார்த்திருப்பேன். ஒரு நாள் ஆட்டுக் காதில் போட்ட எண்ணைப் படிக்கிற பெரிய கண்ணாடியை வைத்துக்கொண்டு பம்பரைப் பார்த்தேன். அக்கா, அது குதிரை முடிச்சு! நம் அப்பா கட்டுவாரே, எவ்வளவு இழுத்தாலும் இறுகும், ஆனால் தொங்கும் வாலை மட்டும் ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் அவிழும். அந்த வால் கீழே தொங்கவில்லை. காசிமிரோவின் வலது கைக்குள் போயிருந்தது. ஆட்டுக்கு யாராவது கயிற்று நுனியைக் கையில் கொடுப்பார்களா?

கத்தினேன். ஹெர்மிலோ ஓடி வந்தார். காட்டினேன். அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

மெர்சருக்குத் தொலைபேசி செய்தேன். அந்தப் பெண் நகரத்துக்காரி, முடிச்சு என்றால் அவளுக்குக் காலணி வார்தான். மூன்று தடவை விளக்கினேன். புரிந்ததும் சொன்னாள்: "முடிச்சு அவிழும்கிறது போதாதும்மா. அது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். அவர் வாயால சொல்லணும்." மறுநாள் காலை அவளும் மொழிபெயர்ப்பாளரும் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே என் பிக்கப்பை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டினேன். வாசலில் என்னைப் பார்த்ததும் மெர்சர் விரலை நீட்டினாள். "நீங்க உள்ள வரக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் நீங்க சொல்லிக்குடுத்ததுன்னு ஆயிரும்." சரி என்று வண்டி நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன், மடியில் சோளத் தோலில் சுற்றி அவித்த இரண்டு டஜன் தமாலே. யாருக்கு என்று கேட்காதே. வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்து மெர்சர் வெளியே வந்தாள். ஒரு காலணி செருப்பு மாதிரி தட்டித் தட்டி வந்தது. உள்ளே கயிறு கொண்டுபோக விடவில்லையாம், இவள் தன் காலணி வாரையே உருவிக் கொடுத்திருக்கிறாள். காசிமிரோ மேசைக்காலில் அந்த முடிச்சைத் தானே கட்டி, தானே இழுத்து அவிழ்த்துக் காட்டியிருக்கிறார். அவரும் மெக்ஸிகோவில் துராங்கோ பக்கம் மாடு மேய்ப்பவர்தான். லியாண்ட்ரோ நுனியை அவர் கையில் வைத்து அழுத்தி, "இதை இழுத்தா விட்டுரும். இழுக்காதீங்க அண்ணே, நான் போயி உங்க தம்பியைக் கூட்டிட்டு வரேன்" என்றானாம்.

"அப்புறம் இழுத்தாராம்மா" என்றாள் மெர்சர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஏன் இழுத்தார், ஓடிப்போகவா என்று கேட்டேன். இல்லை அக்கா. நம் பையன் இரண்டாவது தடவை இறங்கினவன் கை ஓய்ந்து முங்கிவிட்டான். ஒரு தடவை தலை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. காசிமிரோ நுனியை இழுத்து, இடுப்புக் கயிற்றை உருவி, ஒரு முனையை வண்டியில் போட்டு மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறார். டாலிவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது இரண்டு பேரும் கரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தார்களாம், ரூபென் கிடைக்கவில்லை. யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று அவன் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை.

என் மகன் செத்திருப்பான், எனக்குத் தெரியவே தெரியாது. அதை ஒரு வண்டி நிறுத்தத்தில், அவிழ்ந்த காலணியோடு நின்ற ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவனைக் காப்பாற்றியவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார், நான் போய்க் கையைப் பிடிக்கக் கூடாது. தமாலேயையாவது கொடுங்கள் என்று காவலரிடம் கெஞ்சினேன். வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை என்றார். அப்படியே வண்டியில் வைத்து மூன்று மணி நேரம் அழுதுகொண்டே திரும்பினேன். மெர்சர் பன்னிரண்டு வாங்கிக்கொண்டாள், அது ஒரு ஆறுதல்.

நேற்று விசாரணை. எங்கள் இருவரையும் கடைசி வரிசையில் உட்கார விட்டார்கள். விசாரித்தது ஹால்வர்சன் என்று ஒரு மேஜர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பவர். அவரைப் பார்த்ததும் இந்த ஆளிடம் தப்ப முடியாது என்று நினைத்தேன். காசிமிரோ சொன்னதை மொழிபெயர்ப்பாளர் வாசித்தார். மேஜர் கயிறு வரவழைத்து, லியாண்ட்ரோவை மேசைக்காலில் கட்டச் சொன்னார். கட்டினான். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய சார்ஜென்ட்டை முதலில் கயிற்றையே இழுக்கச் சொன்னார். மேசை நகர்ந்தது, முடிச்சு அசையவில்லை. பிறகு நுனியை இழுக்கச் சொன்னார். பொத்தென்று அவிழ்ந்து விழுந்தது. மேஜர் துடைத்த கண்ணாடியை மாட்டாமல் அந்தக் கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவர் போக நெனச்சிருந்தா போயிருக்க முடியுமா?" என்று கேட்டார். மெர்சர் எழுந்து, "முடியும் சார். போனார். இந்தச் சிப்பாயைத் தூக்கப் போனார்" என்றாள். மேஜர் லியாண்ட்ரோ பக்கம் திரும்பி, ஆறு வாரமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நான் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவன் நேராக நின்றுகொண்டு, "அவரு பேரைச் சொன்னா அவர் தம்பி பேரையும் சொல்லணும் சார்" என்றான்.

மேஜர் குனிந்து ஏதோ எழுதினார். பிறகு எழுதியதைப் படித்தார். தன்னைக் கட்டிய கயிற்றின் நுனியைத் தானே வைத்திருக்கும் ஒருவரைக் கைது செய்யப்பட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் மிதவை உடை இல்லாமல் வெள்ளத்தில் இறங்கியதற்காகச் சிப்பாய்க்கு ஒரு கண்டிப்புக் கடிதம். அந்தக் கண்டிப்புக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டப்போகிறேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என் பிள்ளையைப் போய் விசாரிக்கிறார்களே என்று இந்த ஆறு வாரமும் பல்லைக் கடித்தேன். நேற்று அந்த அறையை விட்டு வெளியே வரும்போது வேறு மாதிரி தோன்றியது. கட்டியது வேறொருத்தி பிள்ளையாகவும், முடிச்சு அவிழாத முடிச்சாகவும் இருந்து, யாருமே கேட்காமல் விட்டிருந்தால்? அப்புறம் இந்த ஆற்றங்கரையில் நான் எப்படிக் குடியிருப்பேன்? கேட்டார்களே, அது நல்லது. கேட்டுவிட்டு அவனை விட்டார்களே, அது அதைவிட நல்லது.

காசிமிரோவை விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பாலத்தைக் கடத்தி அனுப்பிவிட்டார்கள். தனியாகத்தான் போயிருக்கிறார்.

தூக்கம் வருகிறது அக்கா. பகல் இரண்டு மணி, ஆனாலும் தூங்கப்போகிறேன்.

உன் தங்கை,
டெல்ஃபினா

பின்குறிப்பு: மதர் அவர்களுக்கு என் நன்றி. எத்தனை ஜெபமாலை சொன்னீர்கள் என்று எழுதினால் அத்தனை பாட்டில் தேன் அனுப்புகிறேன்.


வாடோ ஹோண்டோ
மே 12

அன்புள்ள அக்காவுக்கு, இயேசுவுக்கே புகழ்.

உன் பதில் கிடைத்தது. நாலே வரி எழுதினாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நீயே வந்து உட்கார்ந்தது போல் இருந்தது. மதர் நாற்பத்திரண்டு ஜெபமாலை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவ்வளவு தேனுக்கு என் தேனீப் பெட்டிகள் போதாது, தவணையில் அனுப்புகிறேன்.

போன வாரம் ரூபெனைக் கண்டெடுத்தார்கள், ஆற்றின் அந்தக் கரையில், முப்பது மைல் கீழே. அங்கே ஆடு மேய்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். காசிமிரோ ஊருக்குப் போகாமல் பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சிறு ஊரிலேயே தம்பிக்காகக் காத்திருந்தாராம். நமக்கு இது பாலத்தடிக் கடைக்காரர் மூலமாகத் தெரிந்தது. லியாண்ட்ரோ போக முடியாது, சிப்பாய் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. நான் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹெர்மிலோ குளித்துவிட்டு வந்தார். கல்யாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். பிக்கப்பின் பின்பக்கத்தைக் கழுவி, சுத்தமான வைக்கோல் பரப்பி, அதன்மேல் என்னுடைய நல்ல போர்வையை விரித்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். சவப்பெட்டியை வண்டியில் ஏற்றி, காசிமிரோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, துராங்கோ மலைக்குள் இருக்கும் அவர்கள் ஊருக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டியிருக்கிறார். அடக்கம் முடியும்வரை இருந்திருக்கிறார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ரோடு நல்லா இருந்துச்சு" என்றார். கோட்டைக் கழற்றும்போது பையிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டு விழுந்தது, ஒரு சாண் இருக்கும், ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது. காசிமிரோ கொடுத்தாராம். எதற்கு என்று அதையும் அவர் சொல்லவில்லை. மாதா படத்துக்குக் கீழே, கண்டிப்புக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

லியாண்ட்ரோவுக்குப் பத்து நாள் விடுப்புக் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை வந்தான். அடுப்படி ஜன்னலிலிருந்து வண்டி நிற்பதைப் பார்த்தேன். இறங்கினான், சீருடையில்தான். வழக்கம்போல வண்டிக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாற்றுவான் என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே, பலகைக்கு முன்னால், அப்படியே நிற்கிறான். கால் மணி நேரம் ஆகியும் நிற்கிறான். சட்டை மாற்றும் தெம்பு இல்லையோ, மாற்ற மனமில்லையோ தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனேன். மெலிந்து போயிருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "உரிமையாளர் சம்மதம் இருக்கா?"

எனக்கு வேடிக்கையாக ஏதாவது சொல்ல வந்திருக்க வேண்டும். எப்போதும் வரும், அன்றைக்கு வரவில்லை. கேட்டைத் திறந்தேன். சீருடையோடுதான் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன், அவன் தலை என் தோளில் இருந்தது. பலகையை எடுக்கவில்லை அக்கா. அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. 

இரண்டு நாள் தூங்கினான். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், அப்பாவோடு வேலி கட்டுகிறான், நேற்று ஒரு குட்டியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தான். எனக்கு அது போதும். ஆற்றுப் பக்கம் மட்டும் போவதில்லை. அந்தக் கயிற்றுத் துண்டைத் தாண்டும்போது நின்று பார்க்கிறான், தொடுவதில்லை.

உங்கள் மடத்தில் இறந்தவர்களுக்காக ஒரு பெயர்ப் புத்தகம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதில் ரூபென் என்று எழுது. இருபது வயது, அம்மா பெயர் தெரியவில்லை. லியாண்ட்ரோ கேட்டான் என்று எழுதாதே, அவன் கேட்கவில்லை. அந்தப் பெயர் இன்னும் அவன் வாயில் வரவில்லை. வரும்வரை நீங்கள் அங்கே நாள்தோறும் ஒரு தடவை அவனுக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
டெல்ஃபினா